பழைய பலகை எழுத்தை வெக்டராக்குவது எப்படி: ஒரு கருவாட்டுக் கடைக்காரரின் வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்களுக்குக் கருவாட்டுக் கடை. கடைப் பலகையில் இருக்கும் பெயரை என் அப்பா காலத்தில் ஒரு பெயிண்டர் தூரிகையால் எழுதினார். அதே எழுத்து பாக்கெட்டிலும் சாக்கிலும் மைத்துனரின் விசைப்படகிலும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை சின்னதுதான். அதற்கு நான் கொடுத்த விலை ஏழு மாதம், குப்பைக்குப் போன இரண்டாயிரம் லேபிள், கடல் காற்றில் மூன்றே நாளில் மெய்யெழுத்துப் புள்ளிகள் பறந்துபோன ஒரு ஸ்டிக்கர். கடைசியில் நானே உட்கார்ந்து வரையக் கற்றுக்கொண்டேன். இப்போது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் பழைய பில் புத்தகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

விஷயம் இதுதான். கைபேசியில் எடுத்த படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகிவிடும். வெக்டர் என்பது வளைவுகளின் கணக்கு. அதைத் தீப்பெட்டி அளவிலும் அச்சிடலாம், படகின் நெற்றி அளவிலும் வெட்டலாம். இந்த வேலைக்கு ஓவியத் திறமை தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

1. எதில் அச்சாகப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தவறே இதுதான். “லோகோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுங்கள்” என்று கேட்டேன். ஏற்றிக் கொடுத்தார்கள். ஃபிளெக்ஸ் பேனர் நன்றாகவே வந்தது, அதில்தான் ஏமாந்தேன். பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனரில் ஓரம் கொஞ்சம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஃபிளெக்ஸில் நன்றாக இருப்பதை வைத்து மற்றதிலும் நன்றாக வரும் என்று நம்பக் கூடாது.

ஆஃப்செட் லேபிளில் மெல்லிய கோடும் நிற்கும். ஆனால் நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதுவும் சாக்கின் மீது, மை பரவும். சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. அது கோட்டின் மேல் கத்தியை ஓட்டும், அவ்வளவுதான். கோடு எங்கே குழம்புகிறதோ அங்கே கத்தியும் குழம்பும். சாக்கில் குறி போடத் தகரத்தில் அச்சு வெட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு எழுத்தின் உள்வெளியை, அதாவது சுற்றிலும் கோடு சூழ்ந்த நடுப்பகுதியை, பிடித்து நிறுத்த ஒரு பாலம் விட வேண்டும். இல்லையென்றால் ‘ம’வின் நடுப்பகுதி தரையில் கிடக்கும்.

ஆகவே ஒரே வெக்டரில் எல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். மூலக் கோப்பு ஒன்று, அதிலிருந்து சிறிய அளவுக்குச் சற்றுத் திறந்த வடிவம் ஒன்று. குறைந்தது இந்த இரண்டும் வேண்டும்.

பிளாஸ்டிக் பாக்கெட்டின் மீதே அச்சடிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே இறங்காதீர்கள். கிராவ்யூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செய்ய வேண்டும். அதன் செலவு சிறு வியாபாரத்துக்குத் தாங்காது. அவர்கள் எடுக்கச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் நம் ஓராண்டு விற்பனையைத் தாண்டும். வெறும் பாக்கெட், மேலே ஒட்டும் லேபிள். புதியவர்களுக்கு இது போதும்.

2. எழுதியவரிடம் கையெழுத்து வாங்குங்கள்

கடை உங்களுடையதாக இருக்கலாம். எழுத்தை வரைந்தவர் வேறொருவர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவர் மற்றவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. உரிமை மாற்றக் கடிதத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்று பொருள். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரைப் பக்கக் கடிதம்தான். எந்த வடிவம், என்னென்ன பயன்பாடு, எவ்வளவு காலம், எந்த நாடுகள், கொடுத்த தொகை, தேதி. கடிதத்தின் பின்பக்கம் அந்த எழுத்தையே அச்சடித்து அதன் மீதும் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் பெயிண்டருக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “படகுக்குப் படகு எழுதினேன், யாரும் என்னிடம் கையெழுத்து கேட்டதில்லை” என்றார். வாங்கிய கடிதம் அரைப் பக்கம், குடித்த தேநீர் நான்கு.

மற்றவருக்காக வரைந்துகொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் இன்னொன்று. “அந்தப் பெரிய கம்பெனி மாதிரியே, கொஞ்சம் மாற்றி” என்று கேட்டு வருவார்கள். அந்தப் பணம் வேண்டாம். அரசு முத்திரை, அசோகச் சின்னம் இவற்றையும் தொடாதீர்கள். சங்கத்துக்குத்தானே, குழுவுக்குத்தானே என்பார்கள். அனுமதியில்லாமல் அவற்றைப் பயன்படுத்தத் தடை உண்டு.

3. மூலத்தை ஒழுங்காகப் பிடியுங்கள்

தாளில் இருந்தால் ஸ்கேன்தான். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் நிற அமைப்பு. “கறுப்பு வெள்ளை” என்ற அமைப்பு வேண்டாம். அது ஓரத்தைத் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடும். கைபேசியின் ஸ்கேன் செயலிகளும் எழுத்தைத் தெளிவாக்குகிறேன் என்று சொல்லித் தடிமனாக்கிவிடுகின்றன. பழைய பில் புத்தகம் ஈய எழுத்தில் அச்சானது என்றால் மை ஓரத்தில் பிதுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தைச் சுற்றி ஒரு கரை தெரியும். அந்தக் கரைக்கு உள்ளே வரைய வேண்டும், வெளியே அல்ல.

பலகை என்றால் படம் எடுப்பதைத் தவிர வழியில்லை. பலகை உயரத்தில் இருக்கும். கீழே நின்று எடுத்தால் மேல்பகுதி சுருங்கும். ஏணி போட்டு நேர் எதிரே நில்லுங்கள், அல்லது சாலையைக் கடந்து தள்ளிப் போய் ஜூம் செய்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் நடுவில் இருக்கும் எழுத்து வயிறு புடைத்துக்கொள்ளும். எனாமல் பெயிண்ட் பளபளக்கும். நம் ஊர் நண்பகல் வெயிலில் பாதி எழுத்து வெள்ளையாகிவிடும். காலை ஆறரை மணி அல்லது மேகம் மூடிய நாள் நல்லது. பலகையின் ஓரமாக ஓர் அளவு நாடாவை ஒட்டிவிட்டு எடுங்கள். பிறகு எழுத்தின் உண்மை அளவு தெரிய வேண்டிவரும்.

படம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நான்கு மூலைகளையும் இழுத்து நேராக்கலாம். பலகை செவ்வகம்தான் என்பதை அளந்து உறுதிசெய்த பிறகு இழுங்கள். எங்கள் பலகை ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தது. அதை நேராக்கப்போய் எழுத்தைக் கோணலாக்கினேன்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். இதை நூறு முறை சொல்லியும் என் மைத்துனர் இன்னும் படமாகத்தான் அனுப்புகிறார்.

4. கையால் எழுதியதா, எழுத்துருவா என்று கண்டுபிடியுங்கள்

ஒரே எழுத்து இரண்டு இடங்களில் வந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் அது எழுத்துரு. அப்படியென்றால் வரையவே வேண்டாம், அந்த எழுத்துருவைத் தேடினால் போதும். பொருந்தாவிட்டால் கையெழுத்து, அடுத்த படிக்குப் போகலாம்.

எழுத்துருவில் தமிழுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. நம் பக்கத்து டிடிபி கடைகளில் பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். நாம் கைபேசியில் தட்டச்சு செய்யும் யூனிகோடை அவர்களுடைய பழைய பேஜ்மேக்கரில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. பழைய கோரல்டிராவில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்பது மூன்று துண்டாகச் சிதறும். என்னுடைய இரண்டாயிரம் லேபிளும் இப்படித்தான் போனது. பிழை பார்க்கும்படி அனுப்பிய படத்தில் பெரிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். கீழே முகவரியில் கொம்பு இடம் மாறியிருந்தது. நான் சரி என்றதால் பணமும் என்னுடையது.

புதிதாக எழுத்துரு தேர்ந்தெடுப்பதானால் திறந்த உரிமத்தில் கிடைப்பவற்றை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார். இவற்றை வியாபாரத்துக்கும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய பெயர் தெரியாத எழுத்துருவுக்கு யார் சொந்தக்காரர் என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

1978க்கு முந்தைய பழக்கத்தில் எழுதிய பலகைகளில் ‘லை’, ‘ணை’ ஆகியவை யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருக்கும். எங்கள் பெயரில் ஒரு ‘லை’ உண்டு. சீர்திருத்தம் வந்து வெகுகாலம் ஆன பிறகும் எங்கள் பெயிண்டர் துதிக்கையோடுதான் எழுதினார். பெயரில் அதை அப்படியே விட்டேன், அதுதான் எங்கள் அடையாளம். முகவரியிலும் எடையிலும் விலையிலும் இன்றைய வடிவம். வாங்குபவர் படிக்க வேண்டியதை அலங்கரிக்காதீர்கள்.

5. மென்பொருள்

இங்க்ஸ்கேப். இலவசம், சட்டப்படி சரியானது, யூனிகோடு தமிழைச் சிதறாமல் காட்டும், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அச்சகங்களில் கோரல்டிராவும் இல்லஸ்ட்ரேட்டரும் இருக்கும். நீங்கள் இங்க்ஸ்கேப்பில் வரைந்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அவர்களால் திறக்க முடியும். திருட்டுப் பிரதி கோரல்டிராவை இலவசமாக ஏற்றித்தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். கூடவே என்னென்ன ஏறும் என்று சொல்ல முடியாது.

6. தானாக டிரேஸ் செய்யும் பொத்தானை அளவோடு நம்புங்கள்

எல்லா மென்பொருளிலும் ஒரு பொத்தான் உண்டு. இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப், கோரல்டிராவில் பவர்டிரேஸ், இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் டிரேஸ். அழுத்தினால் அரை நிமிடத்தில் வெக்டர் வந்துவிடும். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏழு மாதத்தில் நான்கு மாதம் அந்தப் பொத்தானோடு போனது.

அது கறையையும் எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும். பெயிண்ட் உரிந்த இடத்தையும், துரு வடிந்த தடத்தையும், காக்கை எச்சத்தையும் உண்மையோடு வரைந்து தரும். வளைவுகளைத் தாங்கி நிற்கும் புள்ளிகளை மென்பொருளில் நோடு என்பார்கள். நான் கணு என்கிறேன். எங்கள் பெயர் ஏழு எழுத்து. தானாக வந்ததில் மூவாயிரத்துக்கு மேல் கணுக்கள். நான் கையால் வரைந்ததில் நூற்று நாற்பது சொச்சம். ஸ்டிக்கர் வெட்டும் கத்தி ஒவ்வொரு கணுவிலும் தயங்கித் திரும்பும். மூவாயிரம் தயக்கத்தில் வினைல் ஓரம் பல்பல்லாகிவிட்டது. ஒட்டியதும் காற்று அந்தப் பல் வழியாகத்தான் நுழைந்தது.

சுத்தமான, பெரிய, கறுப்பு வெள்ளை மூலமாக இருந்தால் பொத்தான் உதவும். அப்போதும் வந்ததைச் சுருக்க வேண்டும். கன்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தினால் கணுக்கள் குறையும். ஒருமுறை அழுத்துங்கள். மறுமுறை அழுத்தும்போது கூர்மையான மூலைகள் உருண்டுவிடும். மூன்றாம் முறை எழுத்து சோப்புக்கட்டி.

7. கையால் வரைதல்

படத்தைக் கீழ் அடுக்கில் வைத்துப் பூட்டுங்கள். பாதிக்கும் கீழாக மங்கலாக்குங்கள். மேல் அடுக்கில் பெசியே பேனா என்ற வளைகோடு வரையும் கருவியால் வரையுங்கள். நிறம் நிரப்பாமல், சிவப்பு மெல்லிய கோடாக.

கணுவை எங்கே வைப்பது என்பதுதான் மொத்த வேலையும். வளைவின் இடக்கோடி, வலக்கோடி, உச்சி, அடி ஆகிய நான்கு இடங்களில் மட்டும் வையுங்கள். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு கணு போதும். கணுவிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கைப்பிடிகள் படுக்கையாகவோ செங்குத்தாகவோ இருக்கட்டும். அப்படிச் செய்தால் வளைவு தானே வழுவழுப்பாகும். வளைவு சரியாக உட்காரவில்லையே என்று நடுவில் இன்னொரு கணு போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். கைப்பிடியை நீட்டிக் குறைத்துப் பாருங்கள். நேர்கோட்டுக்கு இரண்டு முனை, நடுவில் ஒன்றும் கிடையாது.

தமிழ் எழுத்தில் வேலை வாங்குவது சுழிகள். ‘ண’வும் ‘இ’யும் ‘ழ’வும் பெருக்கும்போது அழகாக இருக்கும், சுருக்கும்போது அடைத்துக்கொள்ளும். ‘ண’வின் மூன்று சுழிகளுக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடம்தான் அதை ‘ன’விலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அந்த வெள்ளையை முதலில் காப்பாற்றுங்கள், கறுப்பு தானாக அமையும். சாக்கில் அச்சிடும் சிறிய வடிவத்துக்கு நான் எந்தக் கோட்டையும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே விடுவதில்லை, எந்த இடைவெளியையும் ஒன்றரைக்குக் கீழே விடுவதில்லை. இது என் கைக்கணக்கு. உங்கள் ஸ்கிரீன் கடைக்காரர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்தது புள்ளி. ஆங்கிலத்தில் ஒரு ‘ஐ’ மேல் புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய்க்கு உயிர் வந்துவிடும். ‘மீன்’ என்பது ‘மீன’ ஆகும், ‘கடல்’ என்பது ‘கடல’ ஆகும். பெயிண்டர்கள் புள்ளியைத் தூரிகை நுனியால் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பலகையில் அது போதும். லேபிளில் அந்தப் புள்ளி தூசிபோலத் தெரியும், அச்சகத்தார் தூசி என்று துடைத்தும்விடுவார்கள். எனக்கு நடந்தது. ஆகவே சிறிய வடிவத்தில் புள்ளியைக் கோட்டின் தடிமனை விடச் சற்றுப் பெரிதாக்குங்கள், எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். படகு ஸ்டிக்கரில் புள்ளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒட்டும் பரப்பு குறைந்தால் உப்புக்காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். படகின் நெற்றியில் மைத்துனர் பெயர் புள்ளியில்லாமல் நின்ற மூன்று வாரமும் பாம்பன் கரையில் அவரை எல்லோரும் அப்படியே உச்சரித்துக் கூப்பிட்டார்கள்.

பெயிண்டரின் கை நடுங்கிய இடத்தை என்ன செய்வது? உரிந்ததைச் சரிசெய்யுங்கள், வழிந்ததைச் சரிசெய்யுங்கள். தூரிகை தடித்து மெலிவதை விட்டுவிடுங்கள். ஒரே ‘க’ இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் ஒன்றை நகலெடுத்து மற்ற இடத்தில் வைக்காதீர்கள். வைத்தால் கடைத்தெருவில் விற்கும் எழுத்துருபோல ஆகிவிடும். நான் ஒரு முறை எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நிறுத்தினேன். உருண்டையான எழுத்துகள் தட்டையான எழுத்துகளை விடச் சிறியதாகத் தெரிந்தன. பெயிண்டர் அவற்றைக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் தள்ளி எழுதியிருந்தது அதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டு மடங்கு பெருக்கிவைத்துக்கொண்டு யாரும் பார்க்காத மேட்டைச் செதுக்கிக்கொண்டிருப்பதும் ஒரு பொறி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உண்மை அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது வார்த்தை மறைந்து வடிவம் மட்டும் தெரியும். கோணல் எல்லாம் அப்போது கண்ணில் படும்.

8. கோட்டை வடிவமாக்கி, ஒன்றாக்குங்கள்

வரைந்து முடித்ததும் எழுத்துருவில் அடித்த எதுவும் எழுத்தாக இருக்கக் கூடாது, வடிவமாக மாற வேண்டும். இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத், கோரல்டிராவில் கன்ட்ரோல் கியூ. மாற்றுவதற்கு முன் ஒரு நகலை எழுத்தாகவே சேமித்துக்கொள்ளுங்கள். நாளை தொலைபேசி எண் மாறினால் வடிவத்தைத் திருத்த முடியாது.

கோட்டுத் தடிமன் கொடுத்து வரைந்தவற்றையும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து வடிவமாக்குங்கள். இல்லையென்றால் பெரிதாக்கும்போது எழுத்து வளரும், கோடு வளராது. ஒன்றன் மேல் ஒன்று ஏறிய பகுதிகளை யூனியன் கொடுத்து ஒட்டுங்கள். ஏறியபடியே விட்டால் ஸ்டிக்கர் கத்தி இரண்டு முறை வெட்டும், எழுத்து நடுவில் துண்டாகும். உள்வெளிகளை மேலே வெள்ளை வடிவம் வைத்து மறைக்காதீர்கள், கழித்து உண்மையான ஓட்டையாக்குங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பச்சைப் பின்னணி ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

9. நிறம்

கரையில் எல்லோருக்கும் கடல் நீலம் வேண்டும். திரையில் பளீரென்று இருக்கும் அந்த நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாகிவிடும். காரணம், திரை ஒளியில் காட்டுகிறது, அச்சு நான்கு மையில் காட்டுகிறது. நீல மையோடு மெஜந்தா அதிகம் சேர்ந்தால் ஊதா. நீலம் 100 என்றால் மெஜந்தாவை 70க்கு மேல் ஏற்றாமல் வைத்தால் தப்பிக்கலாம். சிறிய கறுப்பு எழுத்துகள் கறுப்பு மை 100 மட்டுமாக இருக்கட்டும், நான்கு மையும் கலந்த கறுப்பு வேண்டாம். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும்.

இங்க்ஸ்கேப் திரை நிறத்தில்தான் வேலை செய்யும். மை அளவுகளை ஒரு தாளில் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு நிறமே வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கறுப்புப் படம், மூலையில் பொருத்தக் குறி. இரண்டு நிறம் தொடும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும், சாக்கு இழுபடும். முடிந்தவரை ஒரே நிறத்தில் முடியுங்கள். ஒரே நிறத்தில் நிற்காத லோகோ எதிலும் நிற்காது என்பது என் கட்சி.

10. பழைய லேபிளில் இருக்கும் சின்னங்களை வரையாதீர்கள்

பழைய கருவாட்டு லேபிளை அப்படியே டிரேஸ் செய்தால் பழைய அசைவச் சின்னமும் கூடவே வந்துவிடும். முன்பு பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். சைவத்துக்குப் பச்சை வட்டம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் உங்கள் 14 இலக்க உரிம எண்ணும் லேபிளில் வர வேண்டும். அந்த எண்ணைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காமல் சான்றிதழைப் பார்த்து அடியுங்கள்.

படகில் பெயர் எப்படி வேண்டுமானாலும் வளையலாம். பதிவு எண் வளையக் கூடாது. நம் மாவட்டத்து விசைப்படகுகளின் எண்ணில் நாட்டின் குறிக்கும் மாநிலத்தின் குறிக்கும் பிறகு 10 என்று வரும். அதை எல்லோரும் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும். கடலில் அதைப் படிப்பவர்கள் நம் ஆட்கள் மட்டுமல்ல.

11. கோப்பைக் கொடுக்கும் நாள்

ஒரு பொட்டலமாகக் கொடுங்கள். வெக்டர் பிடிஎஃப், எஸ்விஜி, எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு படக்கோப்பு, அளவும் நிறமும் எழுதிய தாள். லேபிளுக்கு வெட்டும் கோட்டுக்கு வெளியே நாலா பக்கமும் 3 மி.மீ. நிறம் நீளட்டும். முக்கியமான எழுத்து கோட்டுக்கு உள்ளே குறைந்தது அதே அளவு தள்ளியிருக்கட்டும். கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு மாறிவிடுவது உண்டு. பக்கத்துக்கு வெளியே சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அதன் அடியில் “இது 100 மி.மீ.” என்று எழுதிவிடுங்கள். அச்சகத்தார் அளந்து பார்த்துக்கொள்வார்கள்.

பிழை பார்க்கும் பிரதி வந்தால் கைபேசியில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, வீட்டில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் உரக்கப் படிக்கக் கொடுங்கள். என் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு. அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதால் ஒரு கொம்பும் தப்பாது.

12. செலவும் காலமும்

நீங்களே வரைந்தால் மென்பொருளுக்குச் செலவில்லை. முதல் பெயருக்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது, இப்போது ஒரு மாலை. வெளியில் கொடுத்தால் இராமநாதபுரத்தில் நான் கொடுத்தது முந்நூறு ரூபாயிலிருந்து எண்ணூறு வரை. முந்நூறு என்றவர் பொத்தானை அழுத்தினார். பேசும்போதே “கையால் வரைந்த வெக்டர், திருத்தக்கூடிய கோப்போடு” என்று சொல்லிப் பேசுங்கள். கோப்பைத் தராமல் ஒவ்வொரு முறையும் தன்னிடமே வர வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்ய நினைத்தால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகைப்பாட்டுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சிறு தொழில் என்று காட்ட உத்யம் சான்றிதழ் வேண்டும். அந்தப் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். கருவாடு 29ஆம் வகைப்பாட்டில் வரும், மிளகாய்ப்பொடியும் கருப்பட்டியும் 30இல். குறியின் படம் 8 செ.மீ.க்கு 8 செ.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து என்றால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித்தர வேண்டும். பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம் என்று சொன்னால் உறுதிமொழிப் பத்திரமும் சான்றும் கேட்பார்கள். அப்போது கைகொடுப்பது அந்தப் பழைய பில் புத்தகங்கள்தான். ஸ்கேன் எடுத்து முடித்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

லேபிள் அதிகம் வேண்டுமென்றால் சிவகாசிதான் மலிவு. ஆனால் ஆடி பிறந்ததும் அங்கே காலண்டர் வேலை தொடங்கிவிடும். மார்கழி வரை நம் ஆயிரம் இரண்டாயிரம் லேபிள் மூலையில் கிடக்கும். பொங்கல் கழிந்து போங்கள். படகு ஸ்டிக்கருக்கு வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகள் கரையேறி மராமத்தும் பெயிண்டும் நடக்கும். மே கடைசியில் ஸ்டிக்கர் கடைகளில் நிற்க இடம் இருக்காது. கோப்பைப் பங்குனியிலேயே தயாராக வைத்துக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு, காற்று விழுந்த ஒரு விடியற்காலையில் ஒட்டுங்கள். பெயிண்ட் ஈரத்தின் மேல் ஒட்டினால் எழுத்தின் அடியில் கொப்புளம் வரும். அதை ஊசியால் குத்தி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.